அறுபத்தேழாவது வரி

திருப்புலி நாடு முகாம், கொல்லிமலை
20 பிப்ரவரி 1938

அக்காவுக்கு அர்த்தனாரி எழுதுவது. ஏறி வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் இருக்கின்றன, காய்ச்சல் இல்லை. நீ, மச்சான், அம்மா மூவரும் சுகம்தானா? அம்மாவுக்கு வாசிக்கும்போது அடுத்த வரியை விட்டுவிடு: முந்தாநாள் அளவுச் சங்கிலி பிடிக்கும் எங்கள் ஆள் குப்புசாமியைக் கரடி துரத்தியது.

பகலில் மலைப்பாதைக்கு மேடுபள்ளம் அளந்து லெவல் எடுக்கிறோம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஆகையால் என் எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுது: 11111111111111111. மூன்று ஒன்றுகளை எழுதினால் 3 × 37. ஐந்தை எழுதினால் 41 × 271. ஏழு என்றால் 239 × 4649. பதினேழு எப்படி உடையும்? உடையுமா, உடையாதா? எங்கள் காலேஜில் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடைக்காமலே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மூன்றில் தொடங்கி வர்க்கம் எடு, அந்தப் பெரிய எண்ணால் வகு, மீதியை மறுபடி வர்க்கம் எடு. இடையிடையே ஒரு மூன்றால் பெருக்கு. இப்படி ஐம்பத்து மூன்று படி. கடைசி மீதி ஒன்றைத் தவிர வேறு எது வந்தாலும் அது உடைகிற எண். எங்கே உடையும் என்று மட்டும் சோதனை சொல்லாது. சென்னைக் கணிதச் சங்கத்தின் பத்திரிகைக்கு ஆனிக்குள் அனுப்ப வேண்டும். அச்சில் வந்தால் இந்தச் சங்கிலிப் பிழைப்புக்கு முழுக்கு.

சர்வேயில் ஒரு விதி இருக்கிறது. முக்கியமான கணக்கை இரண்டு பேர், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். விடை ஒத்தால்தான் கணக்கு. இரண்டாவது ஆளுக்கு இங்கே எங்கே போவேன்? கொண்டுவந்த பெருக்கல் அட்டவணைப் புத்தகம் வழியில் ஓடையில் விழுந்து கூழாகிவிட்டது. நல்லவேளை, எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நீ என்னைச் சொல்லவைத்த குழி வாய்ப்பாடு இருக்கிறது. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணையும் அதனாலேயே பெருக்கிய தொண்ணூற்றொன்பது வரி. அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

இன்னொன்று. அப்பா மரக் கணக்கு எழுத வந்து காய்ச்சலில் செத்தது இந்த மலையில்தானே? மேலேயே எரித்துவிட்டார்கள் என்பீர்கள். எந்த இடம்? தெரிந்தால் எழுது. ஒரு கல்லாவது நட்டு வைக்கிறேன்.

உன் தம்பி,
அர்த்தனாரி


முள்ளுக்குறிச்சி
6 மார்ச் 1938

தம்பி அர்த்தனாரிக்கு அக்காள் சுப்பம்மாள் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும். கரடியை நான் விட்டுத்தான் வாசித்தேன், மச்சான் வந்து உளறிவிட்டார். அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

சாமி, வேறு பக்கம் மாற்றிக் கேட்கக் கூடாதா? திருப்புலி நாட்டில் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்? எடப்புளி நாட்டுப் பக்கமும் பாதை போடுவார்கள்தானே. அங்கே குடிசை போட்டிருக்கிற மலைக்காரர்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. கீழ் ஓடைத் தண்ணியைக் குடிக்காதே, அதுதான் காய்ச்சல். பலா மரத்து ஊற்றில் எடுத்துவரச் சொல்.

அப்பாவை எரித்த இடம் யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருசம் ஆகிறது. கல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். எனக்கு அந்த மலையில் ஒரு வழியும் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு.

சுப்பம்மாள்


திருப்புலி நாடு முகாம்
24 ஏப்ரல் 1938

அக்காவுக்கு. நான் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. முதலில் சேதி: முடிந்தது! பதினேழு இலக்கமும் ஒத்துவிட்டது!

இரண்டாவது ஆள் கிடைத்தது குப்புசாமியால். “ஏனுங்க, மிளகு எடை போடுற எடத்துல ஒரு புள்ளை இருக்குதுங்க. தாளு பென்சிலு ஒண்ணும் வேண்டாம், வாயிலயே கணக்குப் போடும்” என்றான். போய்ப் பார்த்தேன். பேர் பாவாயி, பதினேழு வயது இருக்கும். எண்பத்து மூன்றை எண்பத்து மூன்றால் பெருக்கு என்றேன். நான் வாயை மூடுவதற்குள் ஆறாயிரத்து எண்ணூத்தி எண்பத்தொம்பது என்றாள். இலக்கம் எழுதத் தெரியும். வகுத்தல் தெரியும். ஐம்பத்து மூன்று படியையும் ஒரு வாரத்தில் பழக்கிவிட்டேன். அவள் தாள் அவள் வீட்டில், என் தாள் என் பெட்டியில். பூட்டு போட்டுத்தான் வைத்தேன்.

இரண்டு தடவை ஒத்துவரவில்லை. இரண்டு தடவையும் தப்பு என்னுடையது. ஒருமுறை கழித்தலில் கடன் வாங்க மறந்தேன். “சர்வேயருங்களுக்கு அவசரமுங்க” என்று சிரித்தாள், அதிகப்பிரசங்கி. மூன்றாம் தடவை நேற்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தோம். முதல் இலக்கம் தொட்டுக் கடைசி வரை ஒரே மாதிரி. கடைசி மீதி ஒன்று அல்ல. எண் உடைகிறது, அக்கா!

சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு ஒவ்வொரு படியையும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்துச் சரிபார்த்துவிட்டுச் சங்கத்துக்கு அனுப்புகிறேன்.

அர்த்தனாரி


முள்ளுக்குறிச்சி
5 மே 1938

தம்பிக்கு. எல்லாரும் சுகம்.

அது யார் வீட்டுப் பெண்? அப்பன் ஆத்தாள் யார் என்று கேட்டாயா? வயசுப் பெண்ணை முகாமுக்கு வரவைத்தால் மலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கணக்குத்தான் முடிந்ததே, இனி அவளைக் கூப்பிடாதே. அவள் வீட்டுக்குப் போகாதே. சொன்னால் கேள், கண்ணு.

அம்மாவுக்கு இதையெல்லாம் வாசிக்கவில்லை.

சுப்பம்மாள்


திருப்புலி நாடு முகாம்
14 மே 1938

அக்காவுக்கு. சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாக இருங்கள்.

பதினொன்றாம் படி தப்பு. ஒன்பதால் சரிபார்த்தேன், நிற்கவில்லை. என்னுடைய தாளில் தப்பு. இரண்டு மணி நேரம் தேடினேன். கூட்டலில் இல்லை, வகுத்தலில் இல்லை. அறுபத்தேழில் இருந்தது.

அறுபத்தேழு அறுபத்தேழு எவ்வளவு? சொல். நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்பது. அப்படித்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? தாளில் பெருக்கிப் பார். 4489! எண்பத்தொன்பது! ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தில் பத்தாம் இடத்து இலக்கம் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். எழுபத்தொன்பதில் எந்த வர்க்கமும் முடியாது. இது தெரிந்தும் நாலு வருஷம் படித்த மடையன் நான், ஆறு வயதில் மனப்பாடம் செய்ததை ஒரு தடவைகூடச் சந்தேகிக்கவில்லை.

பயம் அதில் இல்லை. என் விடை தப்பு. பாவாயியின் விடையோ என் தப்பு விடையோடு பதினேழு இலக்கமும் ஒத்திருந்தது. எப்படி?

என் தாளைத் திருடிப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். நேராகப் போய்க் கத்தினேன். அழவில்லை அவள். “நான் எதுக்குங்க உங்க தாளைப் பாக்கோணும்? நீங்க போட்டதே ரெண்டு வாட்டி தப்பு” என்றாள். சரி, அறுபத்தேழைச் சொல் என்றேன்.

“அறுபத்தேழு அறுபத்தேழு நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொம்பது.”

ராகத்தோடு சொன்னாள், அக்கா. ‘நானூத்தி’ என்ற இடத்தில் ஒரு இழுப்பு. நம் எருமைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன அதே இழுப்பு. மிச்சம் தொண்ணூற்றெட்டு வரியையும் சொல்லவைத்தேன். அத்தனையும் சரி. அந்த ஒரு வரிதான் தப்பு. எனக்கும் அந்த ஒரு வரிதான் தப்பு.

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்ப முடியாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். “ஊட்டுல வெச்சுத்தானுங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நம் வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது? அந்தத் தப்பு யாருடையது? திரும்பு தபாலில் பதில் எழுது.

அர்த்தனாரி


முள்ளுக்குறிச்சி
29 மே 1938

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

வாய்ப்பாடு அப்பா போட்டது. அவர் சொன்னதை நான் உனக்குச் சொன்னேன், அவ்வளவுதான். தப்பு இருந்தால் அவர் தப்பு. செத்தவரைக் கேட்க முடியுமா? மரக் கணக்கு எழுதின காலத்தில் மலையில் யாருக்காவது சொல்லியிருப்பார், அவர்கள் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருப்பார்கள். இதைப் போட்டு ஏன் குழப்பிக்கொள்கிறாய்?

மழைக்கு முன்னே இறங்கி வந்துவிடு.

சுப்பம்மாள்


திருப்புலி நாடு முகாம்
5 ஜூன் 1938

அக்காவுக்கு. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. மச்சானிடம் காட்டாதே. நீ மட்டும் படி.

தப்பு அப்பாவுடையது என்று எழுதினாய். அப்படியானால் அப்பாவிடம் படித்த ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பாவாயியின் அம்மா பேர் சின்னாயி. தினை குத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

“இந்த ஊட்டுல கணக்குத் தெரிஞ்சவங்க யாருங்க?” என்றேன்.

“அவுரு இருந்தாருங்க. கணக்கருன்னுதான் கூப்புடுவாங்க. போன வருசம் மாசியில போயிட்டாருங்க.”

“பேரு?”

“நல்லமுத்துங்க. கீழ முள்ளுக்குறிச்சி.”

அப்பாவின் பேர், நம் ஊர். அவளே பேசினாள். “நீங்க அர்த்தனாரிதானுங்களே? சங்கிலி புடிச்சுக்கிட்டு மொதல் நாள் வந்தப்பவே தெரியுமுங்க. நெத்தி அப்படியே இருக்குதுங்க.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

அக்கா, போன வருஷம் மாசி. 1937. நான் காலேஜில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மாசி. அதுவரை அவர் உயிரோடு இருந்திருக்கிறார். மிளகு உதிர்த்திருக்கிறார், வெற்றிலை போட்டிருக்கிறார், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்திருக்கிறார். நம் வீட்டிலிருந்து நாலு மணி நேர ஏற்றம். நாலே மணி நேரம்!

ஆறு வயதில் என்னை ஆற்றில் இறக்கி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னீர்கள். ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை விட்டேன். எண்ணிப் பார்த்தேன். 1920 முதல் 1936 வரை பதினேழு தடவை. உயிரோடு இருந்த மனுஷனுக்குப் பதினேழு தடவை எள்ளுத்தண்ணீர் விட்டிருக்கிறேன்.

எரிக்கவும் இல்லை. புதைத்திருக்கிறார்கள், பலா மரத்து ஊற்றுக்கு மேலே. பாவாயி கூட்டிப்போய்க் காட்டினாள். கல் ஏற்கெனவே இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா? ஆம், இல்லை, ஒரே வார்த்தையில் எழுது.

அர்த்தனாரி


முள்ளுக்குறிச்சி
30 ஜூன் 1938

தம்பிக்கு. மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

ஆம்.

அம்மாவுக்கும் தெரியும். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னது நிஜம். அம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினாள். போய்ப் பார்த்தால் காய்ச்சல் தணிந்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அந்தப் பொம்பளை கஞ்சி ஊற்றுகிறாள். வா என்று அம்மா கூப்பிட்டாளாம். தலையைக் குனிந்துகொண்டாராம். அம்மா அப்படியே திரும்பி இறங்கினாள். ஊர் எல்லையில் கிணற்றில் முழுகி, தாலியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். “போயிட்டாரு, மேலயே எரிச்சுட்டோம்” என்றாள். விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டி என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. எனக்குப் பதினாறு வயசு. உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நான் கேட்டதற்கு என்னிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னாள், உன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

அதுக்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. அவர் எனக்கும் அன்றைக்கே செத்தார்.

இதோடு விடு. மேலே கேட்காதே.

சுப்பம்மாள்


திருப்புலி நாடு முகாம்
8 ஜூலை 1938

அக்காவுக்கு. எனக்கு உடம்பு சுகம். கணக்கும் சுகம்: அறுபத்தேழைத் திருத்திக்கொண்டு நானும் பாவாயியும் பதினொன்றாம் படியிலிருந்து மறுபடி தனித்தனியாகப் போட்டோம். ஒத்தது. ஒன்பது சோதனையும் நின்றது. மீதி இப்போதும் ஒன்று அல்ல. சங்கத்துக்கு அனுப்பியாயிற்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. உன்னை நம்பினேன். நீயும் பாவம், பதினாறு வயது, அதன் பிறகு பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று பாவாயி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். “அண்ணா, இது உங்களுக்குச் சேர வேண்டியது” என்றாள். அண்ணா என்று கூப்பிட ஒரு மாதம் பிடித்திருக்கிறது. உள்ளே அப்பாவின் நோட்டு. நம் வீட்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் அவர் எழுதியிருப்பாரே, ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு, அதே கை. முதல் பக்கம்: குழி வாய்ப்பாடு, 1912.

அறுபத்தேழாவது வரிக்கு நேராகப் போனேன்.

4489.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, மை ஒரே மை. தொண்ணூற்றொன்பது வரியையும் பெருக்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

அவர் தப்புச் செய்யவில்லை என்றால் தப்பு உன்னுடையது. எனக்கு நீ சொன்னாய், சரி. பாவாயிக்கு யார் சொன்னது? அவளைக் கேட்டேன். “சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க” என்றாள். உங்களுக்குச் சத்தியம் வாங்குவதை விட்டால் வேறு வேலையே கிடையாதா?

இப்போது எல்லாம் உறைக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ராசிபுரம் சந்தை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாய். போன வருஷம் மாசியில் சித்தி வீட்டில் காய்ச்சல் என்று நாலு நாள் வராமல் இருந்தாய், நான் பரீட்சை முடிந்து வந்தபோது அம்மா முறையிட்டாள். மலையில் ஒரு வழியும் தெரியாது என்று எழுதின அதே கடிதத்தில், பலா மரத்து ஊற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னாய். நானும் நாலு மாதமாக அதைத்தான் குடிக்கிறேன், அவருடைய கல்லுக்குக் கீழே.

பார்க்கவே இல்லை என்று ஏன் எழுதினாய்? அவர் இருக்கிறார் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஒரு தடவை பார்த்திருப்பேனே, அக்கா. ஒரே ஒரு தடவை.

அர்த்தனாரி


முள்ளுக்குறிச்சி
17 ஜூலை 1938

தம்பிக்கு. அம்மா சுகம். நான் என்னவென்று எழுத?

அப்பா போனபோது நோட்டு அவரோடு மலையில் இருந்தது. அப்பன் இல்லாத பிள்ளைக்கு அந்த வாய்ப்பாடாவது இருக்கட்டும் என்று வாயில் இருந்ததை உனக்குச் சொன்னேன். ஒரு வரி மறந்து போயிருந்தது. அறுபத்தாறு வந்தது, அறுபத்தெட்டு வந்தது, நடுவில் ஒன்று வரவில்லை. பெருக்கிப் பார்க்க எனக்குத் தெரியாதா? வீம்பு. அழுதுகொண்டே போட்டேன், பத்தாம் இடம் தப்பிவிட்டது. போட்டதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு வருசம் கழித்து ஒரு மிளகுக்காரனோடு ஏறிப்போனேன், திட்டிவிட்டு வரலாம் என்று. வாசலில் அந்தக் குழந்தை உட்கார்ந்து கூழாங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று வயசு. உன் முகம். திட்டாமல் வந்துவிட்டேன். அப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை.

அவளுக்கு ஆறு வயசானதும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். பாறையில் அவளும் நானும் உட்கார்ந்திருப்போம். அவர் பத்தடி தள்ளி மிளகு உதிர்த்துக்கொண்டிருப்பார். நான் அவரோடு பேசினதில்லை. அப்பா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. முதல் நாள் நான் அறுபத்தேழைச் சொன்னபோது அவர் கை நின்றது. தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திருத்தட்டும் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்து “எண்பத்தொம்பது, கண்ணு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா என்று கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கணக்குத் தப்பினால் ராத்தூக்கம் வராது அவருக்கு, உனக்குத் தெரியாது அது. சொல்லவில்லை. பத்து வருசம், தம்பி. ஒவ்வொரு தடவையும் அறுபத்தேழு வரும், கை நிற்கும், அப்புறம் மறுபடி மிளகு உதிரும். நோட்டு இத்தனை வருசமும் உள்ளே பெட்டியில் பத்திரமாக இருந்தது என்று நீ எழுதித்தான் தெரிகிறது. அதை எடுத்து அந்தப் பிள்ளைக்குக்கூடக் காட்டவில்லை பார். எங்களைத் திருத்த அவருக்கு வாய் வரவில்லை.

போன வருசம் மாசியில் அவருடைய கடைசி நாளில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் அவர் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய். போன நிமிசமே “தப்பு” என்று கத்தித் திருத்தியிருப்பாய், அவரும் சிரித்திருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். அதைத்தான் என்னால் பொறுக்க முடிந்திருக்காது. உன்னை அவரைப் பார்க்கவிடாமல் செய்தது அம்மா இல்லை, நான். பார்க்கவே இல்லை என்று எழுதினது இதை எழுதாமல் தப்பிக்கத்தான்.

பாவாயியிடம் நான் சொன்னதாகச் சொல், எண்பத்தொன்பது.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் எள் எடுத்துக்கொண்டு வாரேன். அம்மாவிடம் ராசிபுரம் என்று சொல்லப்போவதில்லை. என்னை அழைத்துவர அடிவாரத்துக்குக் குப்புசாமியை அனுப்புகிறேன் என்று எழுதிவிடாதே. வழி எனக்குத் தெரியும்.

சுப்பம்மாள்